பெருந்தொற்றும் சிறு வகுப்பும்

2020 பிப்ரவரி முதல் வாரத்தில் சீனக் கல்வி அமைச்சகம் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஓர் அறிவுறுத்தலை அனுப்பியது. வளாகங்கள் திறக்கப்படமாட்டா, ஆனால் படிப்பு நிற்கக் கூடாது. வசந்தத் திருநாள் விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்கள் அங்கிருந்தபடியே பருவத்தைத் தொடங்க வேண்டும். துணைக்கு, 22 இணையத் தளங்களில் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்த சுமார் 24,000 பாடங்களை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து வந்த அரசுக் கணக்கின்படி, ஏப்ரல் 3 வரை 1,454 உயர்கல்வி நிறுவனங்களில் 9.5 லட்சம் ஆசிரியர்கள் 9.42 லட்சம் பாடங்களை இணையத்தில் நடத்தியிருந்தார்கள்.

இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. 24,000 பாடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், ஏறத்தாழ ஆளுக்கொரு பாடம் என்று ஏன் தனித்தனியே நடத்தினார்கள்? ஒரே பாடம் பல கல்லூரிகளின் கணக்கில் பல முறை ஏறியிருக்கும் என்பது உண்மைதான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், நாட்டின் சிறந்த பேராசிரியர் ஒருவரின் காணொலியை ஓடவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளவில்லை என்பது தெளிவு. அவரவர் மாணவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவரவர் ஒரு சிறு வகுப்பைக் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சிறு இணைய வகுப்பு எங்கிருந்து வந்தது, பெருந்தொற்றில் எவ்வளவு தூரம் தாங்கியது, எங்கே கைவிட்டது என்று பார்ப்பது இன்றும் பயனுள்ளது. அந்த நாட்களில் அவசரத்துக்குச் செய்தவை இப்போது விதிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன.

கதை 2011இன் இலையுதிர்காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் தொடங்குகிறது. செபாஸ்டியன் த்ருனும் பீட்டர் நோர்விக்கும் தங்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்துவிட, ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவுசெய்தார்கள். அடுத்த ஆண்டே யுடாசிட்டி, கோர்செரா, எடெக்ஸ் என்று தளங்கள் முளைத்தன. எம்ஐடியின் மின்சுற்றுப் பாடத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 1,55,000 பேர். சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157 பேர். ‘மூக்’ என்று அழைக்கப்பட்ட இந்தத் திறந்த பாடங்களைப் பிடித்த நோய் இதுதான், அது தீரவும் இல்லை. எம்ஐடி, ஹார்வர்டு பாடங்களின் தரவை ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருய்பெரெஸ் வாலியென்டேவும் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். 2017–18இல் பதிவுசெய்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 விழுக்காடுதான்.

பெர்க்லியில் டேவிட் பேட்டர்சனோடு மென்பொருள் பொறியியல் கற்பித்துவந்த அர்மாண்டோ ஃபாக்ஸ் 2013இல் வேறொரு வழியைச் சொன்னார். அதே காணொலிகள், தானாகத் திருத்தும் அதே கருவிகள். ஆனால் உள்ளே வருபவர்கள் ஒரு கல்லூரியில் முறைப்படி சேர்ந்த மாணவர்கள் மட்டும். அவர்களுக்குப் பெயர் தெரிந்த ஓர் ஆசிரியர் உண்டு, கால அட்டவணை உண்டு, தேர்வு உண்டு. இதற்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்பாக்’, அதாவது சிறிய, தனிப்பட்ட இணையப் பாடம். அவருடைய வாதம் எளிமையானது. நள்ளிரவில் மாணவர் அனுப்பும் நிரலை இயந்திரம் சோதித்து உடனுக்குடன் பிழையைக் காட்டிவிட்டால், மறுநாள் ஆசிரியரின் நேரம் நிரலைத் திருத்துவதில் கழியாது. நிரலின் வடிவமைப்பைப் பற்றிப் பேசுவதில் கழியும். காணொலி வந்தால் ஆசிரியர் தேவையில்லை என்று சிலிக்கான் பள்ளத்தாக்கு பேசிக்கொண்டிருந்த நாட்களில், வாத்தியாரின் கையை வெட்டாமல் அதை நீட்டிக் காட்டிய யோசனை இது.

இந்த யோசனைக்குக் கிடைத்த பரிசோதனைக் களம் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெருந்தொற்றின்போது பலரும் மேற்கோள் காட்டிய வெற்றியும், யாரும் மேற்கோள் காட்டாத தோல்வியும் அந்த ஒரே வளாகத்தில் சில மாத இடைவெளியில் நிகழ்ந்தவை.

2012 இலையுதிர் பருவத்தில் அங்கே மின்சுற்றுப் பாடத்தின் ஒரு பிரிவில் எம்ஐடியின் காணொலிகளைப் பயன்படுத்தினார்கள். மாணவர்கள் அவற்றை வீட்டில் பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பு நேரத்தில் குழுக்களாக உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். உள்ளூர்ப் பேராசிரியரும் உதவியாளர்களும் மேசை மேசையாகப் போவார்கள். பழைய முறைப் பிரிவுகளில் தேர்ச்சி 60 விழுக்காட்டைத் தொடாத பாடத்தில் இந்தப் பிரிவு 91 விழுக்காட்டைத் தொட்டது. செய்தி உலகெங்கும் போனது. அடுத்த பருவத்தில் அதே பல்கலைக்கழகம் யுடாசிட்டியோடு சேர்ந்து மூன்று கணிதப் பாடங்களை முழுக்க முழுக்க இணையத்திலேயே நடத்திப் பார்த்தது. மேசைகளும் இல்லை, மேசைக்கு வரும் பேராசிரியரும் இல்லை. மூன்றில் நன்றாகப் போன புள்ளியியலிலேயே பாதிப் பேர்தான் தேறினார்கள். அடிப்படைக் கணிதத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2013 ஜூலையில் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள்.

இரண்டுக்கும் நடுவில், 2013 ஏப்ரல் இறுதியில், அதே வளாகத்தின் தத்துவத் துறை ஹார்வர்டின் மைக்கேல் சாண்டலுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதியது. நீதி குறித்த அவருடைய புகழ்பெற்ற காணொலிப் பாடத்தைத் தங்கள் வகுப்பில் வைக்கச் சொன்னதை அவர்கள் மறுத்தார்கள். வசதியுள்ள பல்கலைக்கழகத்தில் பேராசிரியரே நேரில் நிற்பார், மற்ற இடங்களில் மாணவர்கள் அவருடைய பதிவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று இரண்டு சாதிப் பல்கலைக்கழகங்கள் உருவாகிவிடும் என்பது அவர்களுடைய அச்சம். ‘சாதி’ என்ற சொல் என்னுடையது, அச்சம் அவர்களுடையது.

சிறு வகுப்பை நேர்மையாகச் செய்தால் அதற்கு என்ன விலை என்பதை ஹார்வர்டு சட்டப் பள்ளியில் வில்லியம் ஃபிஷர் அதே 2013இல் காட்டினார். பதிப்புரிமைச் சட்டத்தைப் பற்றிய அவருடைய இணையப் பாடத்துக்கு விண்ணப்பித்தவர்களிலிருந்து 500 பேரை மட்டும் எடுத்துக்கொண்டார். 25 பேருக்கு ஒரு பிரிவு, பிரிவுக்கு ஒரு சட்ட மாணவர் வழிகாட்டி, வாரந்தோறும் நேரலை விவாதம். அதாவது 500 பேருக்கு ஃபிஷரைத் தவிர்த்து இருபது ஆசிரியர்கள். காணொலியைப் பொறுத்தவரை ஐந்நூறு பேர் பார்த்தாலும் ஐந்து லட்சம் பேர் பார்த்தாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். அந்த இருபது பேர் விஷயத்தில் அப்படி இல்லை.

ஆகப் பெருந்தொற்றுக்கு முன்பே கையில் இருந்த சான்றுகள் எதைச் சொல்லின? அமெரிக்கக் கல்வித் துறைக்காக பார்பரா மீன்ஸ் குழுவினர் செய்த தொகுப்பாய்வு, நேரடி வகுப்பும் இணையமும் கலந்த முறை தனித்த நேரடி வகுப்பைவிடச் சற்று மேலானது என்றது. முழு இணையம் நேரடி வகுப்புக்குச் சமமாக இருந்தது, அவ்வளவுதான். கலப்பு முறையின் மேன்மைக்குக் காரணம் இணையமாகவே இருக்க வேண்டியதில்லை, மாணவர் கூடுதல் நேரம் படித்ததும் கூடுதல் பொருள் கிடைத்ததும் காரணமாக இருக்கலாம் என்றும் அவர்களே எச்சரித்தார்கள். சான் ஹோசேயின் 91 விழுக்காடு அந்தக் கலப்பின் வெற்றி. பாதி வகுப்பறையில் இருந்தது. 2020இல் உலகம் இழந்தது அந்தப் பாதியைத்தான். ஆனால் கருத்தரங்குகளில் (இணையக் கருத்தரங்குகளில்தான், நாள்தோறும் மூன்று நடந்த காலம் அது) அந்த 91ஐ மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

சீனாவில் இந்த விவாதம் நடைமுறையாக மாறி ஆண்டுகள் ஆகியிருந்தன. பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகம் 2013 அக்டோபரில் ஷுவேடாங்எக்ஸ் என்ற தளத்தைத் தொடங்கியது. அங்கே திறந்த பாடமும் உண்டு, ஒரு கல்லூரிக்கு மட்டும் திறக்கும் மூடிய பாடமும் உண்டு. 2016இல் வந்த ‘மழை வகுப்பறை’ என்ற கருவி அதைவிடச் சுவாரசியமானது. ஆசிரியர் வழக்கம்போல் பவர்பாயின்டில் பாடம் நடத்துவார். ஒவ்வொரு பக்கமும் மாணவரின் வீசாட்டுக்குப் போய்ச் சேரும். நடுவில் ஒரு கேள்வியை அனுப்பினால் சில நொடிகளில் எத்தனை பேர் எந்த விடையைத் தொட்டார்கள் என்று திரையில் பட்டைகள் எழும். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஒரு பொத்தான் இருக்கும்: ‘புரியவில்லை.’ எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் அதை அழுத்தினார்கள் என்பது ஆசிரியருக்கு வந்துவிடும். கையைத் தூக்கிக் கேட்கக் கூச்சப்படும் வகுப்புகளுக்காக வகுப்பறைக்குள் பயன்படுத்தவே உருவாக்கிய கருவி அது. பெருந்தொற்றில் வகுப்பறையே போய்விட, மிஞ்சிய கூடாக அதுவே ஆகிவிட்டது.

சிங்குவா பிப்ரவரி 3 அன்று ஆசிரியர், மாணவர் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை இணையத்தில் ஒன்றுகூட்டி, 17ஆம் தேதி பருவம் குறித்தபடி தொடங்கும் என்றது, தொடங்கவும் செய்தது. முதல் நாட்களில் நாடெங்கும் ஒரே நேரத்தில் நுழைந்ததில் பல தளங்கள் மூச்சுத் திணறின. ஆசிரியர்கள் இதற்கும் வழி கண்டார்கள்: காணொலி ஒரு தளத்தில், நேரலை இன்னொன்றில், வீட்டுப்பாடம் மூன்றாவதில், எதுவும் வேலைசெய்யாவிட்டால் வீசாட் குழு. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆயத்தப் பாடத்தை எடுத்தவர்களும் அதன் காணொலியை எடுத்துத் தங்கள் பட்டியலுக்கு ஏற்ப வெட்டி, தங்கள் தேர்வுக்கு ஏற்ற கேள்விகளைச் செருகி, விடுபட்டவரைத் தேடிப் பிடித்தார்கள். அதனால்தான் 24,000 பல லட்சம் ஆனது.

மேற்கில் இதே நேரத்தில் சார்ல்ஸ் ஹாட்ஜஸும் சக ஆய்வாளர்களும் ஒரு கோட்டைக் கிழித்தார்கள். 2020 மார்ச் 27 அன்று வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, இப்போது நடப்பதை இணையவழிக் கல்வி என்று அழைக்காதீர்கள், இது நெருக்கடிகால மாற்று ஏற்பாடு என்றது. ஒரு பல்கலைக்கழகப் பாடத்தை இணையத்துக்கென ஒழுங்காகத் திட்டமிட ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். இங்கே கிடைத்ததோ சில நாட்கள். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் பின்னாளில் எந்தக் குறையைச் சுட்டினாலும் ‘அது உண்மையான இணையக் கல்வி அல்ல’ என்று தப்பித்துக்கொள்ளவும் அது வாகாகிவிட்டது.

அந்தத் தப்பித்தலை அடைக்கும் ஆய்வு ஒன்று உண்டு. 2020 இலையுதிர் பருவத்தில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பொருளியல் அறிமுகப் பாட மாணவர்களைக் குலுக்கல் முறையில் நேரடி வகுப்புக்கும் இணைய வகுப்புக்கும் பிரித்தார்கள். மைக்கேல் கோஃபோட் குழுவினரின் ஆய்வு அது. இரண்டிலும் அதே ஆசிரியர்கள், அதே பாடத்திட்டம். வகுப்பும் சிறியது, இருபது பேரைத் தாண்டாது. எல்லோரும் வளாக விடுதியில் தங்கியிருந்தார்கள். இணைப்புத் தகராறு, தம்பியோடு பகிர்ந்த போன், சமையலறைச் சத்தம் எதுவும் இல்லை. அப்படியும் இணைய வகுப்பினரின் மதிப்பெண் திட்டவிலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைந்தது. அடிபட்டவர்கள் முதன்மையாக ஏற்கெனவே படிப்பில் பின்தங்கியவர்கள். கவனம் நிற்கவில்லை, ஆசிரியரோடும் நண்பர்களோடும் ஒட்டுதல் இல்லை என்றார்கள்.

இது சிறு வகுப்பின் ஆதரவாளர்களுக்கு, என்னையும் சேர்த்து, கசப்பான சான்று. சிறிதாக இருப்பது மட்டும் போதாது. பெருந்தொற்றுக்கு முன்பே ஒரு பெரிய வணிகப் பல்கலைக்கழகத்தின் இணைய வகுப்புகளில் எரிக் பெட்டிங்கரும் உடன் ஆய்வாளர்களும் ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட வகுப்பில் பத்து விழுக்காடு மாணவரைக் கூட்டிப் பார்த்தார்கள். மாணவரின் மதிப்பெண்ணில் மாற்றமே தெரியவில்லை. தலையை எண்ணுவதால் எதுவும் தீராது. அந்தத் தலைகளோடு ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். நேரலையில் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனால் இருபதும் இருநூறும் ஒன்றுதான். கேள்வி கேட்டு, விடையைப் பார்த்து, தவறியவரை அன்றே கூப்பிட்டால்தான் இருபதுக்குப் பொருள் உண்டு.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே ஸ்பாக் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அதன் பாதி ஏற்கெனவே இருந்தது. 2003இல் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் தொடங்கிய என்பிடெல் என்ற காணொலிப் பாடத் திட்டம், பிறகு சான்றிதழ்ப் பாடங்களாக வளர்ந்து, 2017 ஜூலையில் தொடங்கிய அரசின் ஸ்வயம் தளத்தில் இணைந்தது. பாடம் இலவசம், தேர்வுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வாராந்தர அசைன்மென்டுக்கு 25, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். கல்லூரிகள் உள்ளூர்க் கிளைகளாகப் பதிவுசெய்துகொண்டு ஆசிரியர் ஒருவரை ‘மென்டர்’ ஆக நியமிக்கும். ஏட்டளவில் இது ஸ்பாக்குக்கு மிக நெருங்கிய அமைப்பு: தேசியக் காணொலி, உள்ளூர் ஆசிரியர். நடைமுறை எப்படி என்பதைத் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்கள் சொல்வார்கள். கெடு முடியும் இரவில் அசைன்மென்ட் விடைகள் வாட்ஸ்அப்பில் வரும், யூடியூபிலும் வரும். மென்டர் பலருக்கு, எத்தனை பேர் பதிவுசெய்தார்கள் என்று துறைத் தலைவருக்குக் கணக்குக் கொடுப்பவர்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கல்லூரிகள் இந்த அமைப்பை நாடவில்லை. கூகுள் கிளாஸ்ரூம், மீட், ஜூம், எல்லாவற்றுக்கும் அடியில் வாட்ஸ்அப் என்று ஓடியது. 2017–18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுப்படி இணைய வசதியுள்ள வீடுகள் நாட்டில் 23.8 விழுக்காடு, கிராமங்களில் 14.9, கணினி உள்ள கிராம வீடுகள் 4.4 விழுக்காடு. அந்த நிலத்தின்மேல் நாளுக்கு ஐந்து நேரலை வகுப்பு என்ற கால அட்டவணையைப் பல கல்லூரிகள் அப்படியே தூக்கி வைத்தன. திரையில் முகங்களுக்குப் பதில் அறுபது எழுத்து வட்டங்கள். “மேம், வாய்ஸ் பிரேக் ஆகுது.” வருகைப் பதிவு முடிந்ததும் வட்டங்கள் குறையும்.

இதற்கு இடையில் சில ஆசிரியர்கள் வேறொன்றைச் செய்தார்கள், அதைப் பற்றி ஆய்விதழ்கள் அதிகம் பேசவில்லை. புத்தக அடுக்கின்மேல் போனைக் கவிழ்த்து நிறுத்தி, கீழே தாளில் கணக்கைப் போட்டுக்கொண்டே பத்து நிமிடம் பதிவுசெய்வார்கள். அளவைச் சுருக்கிக் குழுவில் போடுவார்கள். கூடவே தாளின் படம், ஒரு குரல் பதிவு, மாலைக்குள் விடை எழுதிப் படம் எடுத்து அனுப்ப இரண்டு கணக்கு. குழுவில் வாய் திறக்காத பிள்ளை இரவு தனிச் செய்தியில் கேட்கும்: “சார், மூணாவது ஸ்டெப் எப்படி வந்துச்சுன்னு புரியல.” மழை வகுப்பறையின் பொத்தான் செய்யும் வேலையேதான், இங்கே அதில் பெயரும் இருந்தது. எடெக்ஸின் 69 லட்சம் காணொலிப் பார்வைகளை ஆராய்ந்து பிலிப் குவோ குழுவினர் 2014இல் சொன்னதும் இதையே: காணொலி எவ்வளவு நீளமானாலும் மாணவர் ஈடுபாட்டோடு பார்ப்பது பொதுவாக ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. அந்த ஆய்வைப் படிக்காமலே டேட்டா தீர்ந்துவிடும் என்ற கவலையில் நம் ஆசிரியர்கள் அதே பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

டேட்டா விஷயத்தில் இரண்டு அரசுகளின் போக்கை ஒப்பிடலாம். இலங்கையில் 2020லேயே பல்கலைக்கழகங்களின் வலையமைப்பான லேர்ன் வழியாக ஜூமும், பல்கலைக்கழகக் கற்றல் தளங்களும் மாணவருக்கு டேட்டாக் கட்டணம் இல்லாமல் திறந்துவிடப்பட்டன; கொழும்பு மாணவருக்கும் யாழ்ப்பாண மாணவருக்கும் ஒரே வழி. தமிழ்நாடு 2021 ஜனவரியில், கல்லூரி மூடிப் பத்து மாதம் கழித்து, 9.69 லட்சம் மாணவருக்கு ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜிபி என்று அறிவித்தது. அதற்குள் இறுதியாண்டு மாணவர்கள் டிசம்பர் 7 முதலே வளாகத்துக்குத் திரும்பியிருந்தார்கள். வேகத்தை விடுங்கள். இலங்கையின் ஏற்பாடு வகுப்புக்குப் போகும் பாதையை இலவசமாக்கியது. நம்முடையது டேட்டாவைக் கொடுத்துவிட்டு அது வகுப்புக்குத்தான் போகும் என்று நம்பியது.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலிருந்து எழுதிய தேர்வுகளின் மதிப்பெண்ணை அன்றும் யாரும் நம்பவில்லை, இன்றும் நம்புவதில்லை. என்பிடெலும், 2020 ஜூன் இறுதியில் ஐஐடி மெட்ராஸ் அறிவித்த இணையவழிப் பி.எஸ்சி. படிப்பும் தேர்வை மையத்தில் நேரில் வைப்பதை அடிப்படை விதியாகக் கொண்டவை என்பதே போதுமான தீர்ப்பு. ஆய்வகத்தைப் பற்றி அதையும் சொல்ல முடியாது. மின்சுற்றைத் திரையில் இணைக்கலாம். சூடான ஈயத்தை இணைப்பில் வைத்துப் பழக முடியாது.

பெருந்தொற்று ஓய்ந்த பிறகு மிஞ்சியது என்ன? ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று 2016இல் சொன்ன பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), 2021இல் அதை 40 விழுக்காடு ஆக்கியது. ஐந்தில் இரண்டு பாடம். நான்கு கூறுகள் வேண்டும் என்று ஸ்வயம் கேட்கிறது: காணொலி, வாசிப்புப் பொருள், தன்மதிப்பீடு, விவாத மன்றம். முதல் மூன்றும் ஒருமுறை செய்தால் பல ஆண்டு ஓடும். நான்காவதற்கு ஒவ்வொரு பருவமும் ஓர் ஆள் வேண்டும். ஆயிரக்கணக்கானோர் சேரும் பாடத்தில் அது பெயரளவில்தான் இருக்கும். கல்லூரியில் உள்ள மென்டர் தன் அறுபது பேருக்கு அதை நடத்தினால் மட்டுமே அந்த 40 விழுக்காடு சான் ஹோசேயின் முதல் பருவத்தைப் போல இருக்கும்; இல்லாவிட்டால் இரண்டாம் பருவம்தான்.

மென்டர் அதை எந்த நேரத்தில் நடத்துவார் என்பதற்கு யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளைப் புரட்டிப் பார்க்கலாம். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரக் கற்பித்தல் என்று இருக்கிறது. பின்னிணைப்பில் ஆய்வு, கல்விப் பணிகளுக்கான புள்ளிப் பட்டியல் இருக்கிறது. நான்கு கிரெடிட் மூக் ஒன்றை முழுமையாக உருவாக்கினால் 20 புள்ளி. அதில் ஒரு தொகுதியை உருவாக்கினால் 5. ஒருங்கிணைப்பாளராக இருந்தால் 8. வேறொருவர் உருவாக்கிய பாடத்தை எடுத்துத் தன் மாணவரோடு பருவம் முழுக்க உட்காருபவருக்கு அந்தப் பட்டியலில் தனி வரி இல்லை.